இரண்டு மணிக் கட்டம்

நோயாளியின் நாடி எண்பத்து நான்கு என்று வந்தால் நான் மறுபடி எண்ணுவேன். மறுபடியும் எண்பத்து நான்கு வந்தால் மூன்றாம் முறை. அதற்குள் கட்டிலில் இருப்பவர் பயந்துபோய், "இன்னா சிஸ்டரு, எதுனா ஆயிடுச்சா?" என்று கேட்பார். அந்தப் பயத்திலேயே நாடி இரண்டு ஏறிவிடும். எண்பத்தாறு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவேன். இப்போது நான் வேலை செய்யும் திருப்பதி ஆஸ்பத்திரியில் என் சார்ட்டுகளை யாராவது புரட்டிப் பார்த்தால் தெரியும், அதில் எந்தப் பக்கத்திலும் எண்பத்து நான்கு கிடையாது.

அந்த எண்ணை நான் ஒரு செத்தவருக்கு எழுதினேன். அவர் சாவதற்கு முன்பே எழுதிவிட்டேன்.

எனக்கு எதிலும் வேகம். பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, நர்சிங் படிப்பு இங்கிலீஷ். மூன்றிலும் மூச்சு விடாமல் பேசுவேன். பரீட்சை எழுதினால் அரை மணி முன்னாலேயே பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பேன். எங்கள் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய், பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலம் சேர்த்தவர். "இவளுக்குக் காலுல சக்கரம் கட்டி வுட்டுட்டான் சாமி" என்று பெருமையும் கவலையுமாகச் சொல்வார்.

அந்தச் சக்கரத்தோடுதான் சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். அந்த வருஷங்களில் ஊரில் எல்லாமே புதிதாக முளைத்துக்கொண்டிருந்தன. மெயின் ரோட்டில் நாலு கட்டடத்துக்கு ஒரு நர்சிங் ஹோம், அதன் கீழே எஸ்.டி.டி. பூத், பூத் வாசலில் குவைத்துக்கும் சவுதிக்கும் பேச வரிசையில் நிற்கும் பெண்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையின் மறுமுனைக்குப் போய்விட்டார்கள். நானும் போகவேண்டும். அதற்கு வேண்டியது மூன்று: பாஸ்போர்ட், ஏஜெண்டு வைக்கும் இண்டர்வியூ, இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை செய்ததற்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட். பாஸ்போர்ட் வந்துவிட்டது. இரண்டு வருஷம் முடிய ஒரு மாதம் பாக்கி இருந்தது.

ஆண்கள் வார்டில் பதினான்கு கட்டில். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு சார்ட். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு என்று கட்டம் போட்டிருக்கும். ஜுரம், நாடி, மூச்சு, பி.பி. பார்த்து அந்தந்த நேரத்தில் எழுதவேண்டும். இதில் இரண்டு மணிக் கட்டம்தான் தொல்லை. இரண்டு மணிக்குத்தான் எங்களுக்கு ஷிப்டு மாறும். பதினான்கு பேரையும் பார்த்து எழுதிவிட்டுப் போவதென்றால் மூன்று ஆகிவிடும். அதனால் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, பார்த்துப் பழகியதுதான். பன்னிரண்டரை மணிக்கே இரண்டு மணிக் கட்டத்தை நிரப்பிவிடுவோம். பத்து மணி எண்ணைப் பார்த்து, ஒன்றிரண்டு கூட்டி அல்லது குறைத்து. பதினான்கு சார்ட்டையும் நான் ஏழு நிமிஷத்தில் முடிப்பேன்.

"நீ பேனா எடுத்தா சார்ட்டு பறக்குதுடி," என்பார் இன்சார்ஜ் சிஸ்டர். வார்டுக்கு அவர்தான் பொறுப்பு. பாராட்டாகத்தான் சொல்வார்.

ஆறாம் கட்டிலில் இருந்தவர் வெதுருகுப்பம் பக்கம், வேர்க்கடலை விவசாயி. ஈரல் கெட்டுப்போய் வயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. பிழைக்கமாட்டார் என்று டாக்டர் வீட்டாரிடம் சொல்லிவிட்டார். அவருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனாலும் வாய் அடங்காது. நான் வார்டுக்குள் நுழைந்தாலே, "ரயிலு வந்துட்சி, கால எல்லாம் உள்ள இழுத்துக்கங்கப்பா," என்பார்.

நாடியைக் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவது என் வழக்கம். ஒரு நாள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாம்மா, கைய புடிச்ச, வுட்டுட்ட?"

"கால் நிமிஷம் போதும் மாமா. நாலால பெருக்கிடுவேன்."

"மீதி முக்கா நிமிசத்துல அது நின்னுபூட்டா?"

"நின்னா நீங்களே சொல்லமாட்டீங்களா?"

கட்டிலுக்கடியில் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்திச் சிரித்தார். "சொல்லுவாரு சிஸ்டரு. செத்தாகூட இவரு வாய் நிக்காது."

அன்றைக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் மாலை ஐந்தரைக்கு இண்டர்வியூ. மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். பன்னிரண்டரைக்கெல்லாம் நான் சார்ட்டுகளை முடித்துவிட்டேன். ஆறாம் கட்டிலில் பத்து மணிக்கு எண்பத்திரண்டு. இரண்டைக் கூட்டினேன்.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் மனைவி பக்கத்தில் வந்து நின்றார். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த கொழுந்தனார் வருகிறார், பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கூட்டிவரவேண்டும்.

"போய்ட்டு வந்துடட்டா சிஸ்டரு? எப்டி கீறாரு இப்போ?"

நான் பேனாவை மூடினேன். "நல்லாத்தான் கீறாருக்கா. போய்ட்டு வா."

கட்டிலில் கிடந்தவர் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சார்ட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஒன்று பத்துக்குக் குளுக்கோஸ் பாட்டில் மாற்றப் போனேன். ரயில் வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. கண் பாதி திறந்திருந்தது. கையைப் பிடித்தேன். கால் நிமிஷம், அரை நிமிஷம், ஒரு நிமிஷம். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரின் நாடியை முழு நிமிஷம் பார்த்தது அப்போதுதான். விரல்கள் குளிர ஆரம்பித்திருந்தன.

ஸ்கிரீனை இழுத்து மறைத்துவிட்டு இன்சார்ஜ் சிஸ்டரைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். டாக்டர் மேலே ஆபரேஷனில் இருந்தார், பிரசவ கேஸ், பாதியில் விட்டு வரமுடியாது. இருபது நிமிஷம் கழித்து இன்சார்ஜ் சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு சார்ட்டை எடுத்துப் பார்த்தார்.

"ரெண்டு மணிது போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் சிஸ்டர்."

காகிதத்தை மறுபடி கால்மாட்டிலேயே வைத்தார். அடித்துத் திருத்தினால் தெரியும். ஒரு கட்டத்தைத் திருத்தினால் மற்ற பதின்மூன்றையும் கேட்பார்கள். "சரி வுடு. டாக்டரு வந்து பாக்குற நேரம்தான் நேரம். செத்தவருக்கு ஒரு மணி முன்ன பின்ன ஆனா இன்னா?"

அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பயத்தில் மட்டும் நான் தலையாட்டவில்லை, அது நியாயம் என்றே நினைத்தேன். செத்தவருக்கு மணி எதற்கு?

டாக்டர் இரண்டு இருபதுக்கு இறங்கி வந்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். சார்ட்டைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு எண்பத்து நாலு இருந்திருக்கே. எப்ப நின்னுது?"

"இப்பதான் சார்," என்றேன் நான்.

இரண்டு இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனைவியும் கொழுந்தனாரும் இரண்டரைக்கு வந்தார்கள். ஸ்கிரீனைப் பார்த்ததுமே அந்த அம்மா நின்றுவிட்டார். உயிர் போனது இரண்டு இருபதுக்கு என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னபோதும் அழவில்லை. "பத்து நிமிசம்," என்றார். "பத்து நிமிசம் வெயிட் பண்ணலியே நீ." கட்டிலைப் பார்த்துத் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். லாட்ஜில் ஏஜெண்டு இங்கிலீஷில் கேட்டார், உன்னுடைய பலம் என்ன என்று. வேகம் என்று சொன்னேன். செலக்ட் ஆகிவிட்டேன். சர்டிபிகேட் வந்ததும் விசாவுக்கு அனுப்பலாம் என்றார்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா நர்சிங் ஹோமுக்கு வந்தார். விதவை பென்ஷனுக்கு எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசில் கொடுக்க டாக்டர் எழுதிய காகிதத்துக்கு இன்னொரு காப்பி வேண்டும். புடவையில் சாணமும் புகையும் கலந்த வாசனை. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"எங்க கீறக்கா இப்போ? வீட்லதான?"

"வூட்ட அடைச்சாச்சே, சிஸ்டரு. மாட்டுக் கொட்டாயில கீறேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரிலும் உண்டு. சில நட்சத்திரங்களில் உயிர் போனால் வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாசம் பூட்டி, வாசலில் முள் வெட்டிப் போட்டு, விளக்கேற்றாமல், ஒரு சாமானும் எடுக்காமல் வெளியே இருக்கவேண்டும். செத்தவர் உள்ளேயே இருப்பார் என்பார்கள்.

"அவிட்டத்துல செத்துப்பூட்டாராம். அன்னிக்கி மத்தியானம் ஒண்ணு முப்பத்தாறு வரிக்கும் திருவோணம்தானாம், அதுக்கு ஒண்ணும் கெடையாதாம். ஐயவாரு பஞ்சாங்கத்தப் பாத்துட்டு, இந்தக் காயிதத்தயும் பாத்துட்டு, ரெண்டு இருவதுனு போட்டுக்கீதே, அவிட்டம்தான்னுட்டாரு. ஆஸ்பத்திரில போன உசுருக்கு வூடு இன்னா பண்ணுச்சினு எங்க கொழுந்தனாரு சண்ட போட்டாரு. பொணத்த வூட்ல எறக்குனீங்கல்ல, அப்ப உண்டுன்னுட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "பொண்ணுக்கு எட்டாம் மாசம் சிஸ்டரு. தலப்பிரசவம். எங்க இட்டாந்து வெச்சிக்குவேன்? மாட்டோட மாடாவா?"

காப்பியை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். போகும்போது திரும்பிச் சொன்னார். "பாவி மனுசன். முக்கா மணி முன்னாடி போயிருக்கக் கூடாதா?"

முன்னாடிதான் போனார். அது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி வாய் திறந்தால் அவளுக்கு சர்டிபிகேட் கிடையாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆறாம் கட்டிலில் வேறு ஆள் வந்துவிட்டார், குடலிறக்கம், நல்ல தடியான ஆள். அவர் கையைப் பிடித்தாலும் எனக்கு அந்தக் குளிர்ந்த விரல்கள்தான் பட்டன. வார்டு கடிகாரம் ஒன்று பத்தைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் யாரோ காலை உள்ளே இழுத்துக்கொள்கிற சத்தம். திரும்பினால் ஒன்றுமில்லை. இரண்டு மணிக் கட்டத்தைப் பன்னிரண்டரைக்கு நிரப்ப உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒவ்வொரு எண்ணும் யாரையோ எங்கோ பூட்டப் போகிறது என்று தோன்றியது. என் ஷிப்டு முடிய மூன்று மணி ஆனது. "ரயிலு இன்னாடி, கூட்ஸ் வண்டி ஆயிட்ச்சி?" என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். அந்தப் பெயர் அவருக்கும் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஐப்பசி மழை பிடித்த வாரம், லீவு நாளில் வெதுருகுப்பம் பஸ் ஏறினேன்.

ஊர்க் கோடியில் அந்த வீடு. ஓடு போட்டது, நீலக் கதவு. கதவுக்குக் குறுக்கே காய்ந்த கருவேல முள். மழை விட்டிருந்தது, ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தெருவில் போனவர்கள் அந்தப் பக்கத்தை விட்டு விலகி எதிர்ப்புறமாக நடந்தார்கள். ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை. அதற்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டிக், டிக் என்று. என் கை தானாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. என் வாட்ச்சைப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஆளில்லாத வீட்டுக்கு நாடி பார்த்தேன். முழு நிமிஷம்.

"அது எங்க கொழுந்தனாரு பெங்களூருலேந்து வாங்கியாந்தது," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்த அம்மா கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "ஊரு ஜனம் இன்னா சொல்லுது தெரியுமா? அவரு உள்ள நடந்துக்கினு கீறாராம். அந்த சத்தமாம். வா, துன்றியா? கஞ்சிதான்."

கொட்டகையில் மாடு ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். சாக்கு விரித்து "குந்து" என்றார். நான் நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமுடியாது என்று பயம். வேகமாகத்தான் சொன்னேன், எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. பன்னிரண்டரைக்கே இரண்டு மணி எண்ணை எழுதியது, ஒன்று பத்துக்குப் பார்த்தபோது நாடி இல்லாதது, டாக்டர் கேட்டபோது 'இப்பதான்' என்றது, எல்லாம்.

அவர் வீட்டைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"அப்ப, நான் போறப்போ நல்லா கீறாருன்னியே. அது அவரப் பாத்து சொல்லலியா?"

"சார்ட்ட பாத்து சொன்னேன்க்கா."

தட்டைக் கீழே வைத்தார். மாடு அதை முகர்ந்தது, தட்டிவிடவில்லை. "ஒரு மாசமா அந்த மனுசன திட்டிக்கினு கீறேன்," என்றார். "பத்து நிமிசம் பொறுக்கலியேன்னு." பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். "வா. ஐயவாருகிட்ட வந்து சொல்லு."

ஐயவாரு என்கிற புரோகிதர் பக்கத்து ஊரில் இருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோட்டி மாட்ட சாலதம்மா," என்றார். வாய்ச்சொல் போதாது. "நேத்து வரைக்கும் அவிட்டம்னு சொன்னேன். இன்னிக்கி மாத்திச் சொன்னா ஊரு என்ன மொய்ச்சிடும். காயிதம் பாத்து சொன்னேன், காயிதம் கொண்டா. டாக்டரு காயிதம்."

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் டாக்டர் அறைக்குப் போனேன். இன்சார்ஜ் சிஸ்டரும் அங்கே ஏதோ லிஸ்ட்டோடு நின்றிருந்தார். முதலில் டாக்டருக்குப் புரியவில்லை, பிறகு கோபம் வந்தது.

"நட்சத்திரத்துக்காக டெத் டைம மாத்தச் சொல்றியா? நீ நர்சிங் படிச்சியா, ஜோசியம் படிச்சியா?"

"நட்சத்திரத்துக்காக இல்ல சார். நான் எழுதினது பொய்."

பழைய காகிதக் கட்டுக்குள்ளிருந்து அந்த சார்ட்டை எடுக்கச் சொன்னார். மேஜைமேல் விரித்து அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். "இது ஒண்ணு மட்டுமா?"

"வார்டுல பதினாலு பேருக்கும் சார். தினமும்."

அவர் புதிய தாள் எடுத்து, ஒன்று பத்து என்று எழுதி, முந்தையது தவறான குறிப்பின் பேரில் எழுதப்பட்டது என்று சேர்த்து, சீல் வைத்தார். என் பக்கம் நீட்டினார். நான் பிடித்த பிறகும் அவர் விடவில்லை.

"ரெண்டு வருஷம் ஒழுங்கா வேலை செஞ்சாள்னு நான் எப்படிம்மா எழுதித் தர்றது?"

காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் இன்சார்ஜ் சிஸ்டர் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "லூசாடி நீ? குவைத்து போச்சே!" பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் பேர ஏன் சொல்லல?" என்றார்.

"எழுதின கை என்னோடது சிஸ்டர்."

ஐயவாரு அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தார். பஞ்சாங்கத்தைப் பிரித்தார், மூடினார். திருவோணம் என்றார். அன்றைக்கே முள்ளை இழுத்துப் போட்டார்கள். பூட்டைத் திறந்தார் கொழுந்தனார். கதவைத் தள்ளவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றார். தெருவில் இருபது பேர் இருந்தார்கள், ஒருவரும் முன்னால் வரவில்லை. உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "நீதான பூட்டுன. நீயே தொற."

நான் கதவைத் தள்ளி உள்ளே போனேன். எலி உருட்டிய வேர்க்கடலைத் தோல் காலில் நெரிந்தது. சட்டை அசைந்தது, கதவு திறந்த காற்றுதான் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கால் நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே மெல்ல, "ரயிலு வந்துட்சி மாமா," என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அதன் பிறகு ஜன்னலைத் திறக்க முடிந்தது.

அந்த அம்மா பின்னாலேயே வந்துவிட்டிருந்தார். சட்டையை ஆணியிலிருந்து எடுத்து மடித்தார்.

"ஒண்ணு பத்துக்கு எதுனா சொன்னாரா?"

"நான் பாக்கறப்பவே போயிருந்தாருக்கா."

மடித்த கை நின்றது. "அப்ப ஒண்ணு பத்தும் அவரு போன நேரம் இல்லியே. நீ பாத்த நேரம்தான?"

இத்தனை நாளும் ஒன்று பத்து, ஒன்று பத்து என்று ஓடிய எனக்கு இது தோன்றவே இல்லை. பன்னிரண்டே முக்காலாக இருக்கலாம். ஒன்றாக இருக்கலாம். நான் அங்கேயே, பத்தடி தூரத்தில், அன்று கட்டிக்கொண்டு போகவேண்டிய புடவைக்கு ஊக்கு தேடிக்கொண்டிருந்தேன். அவர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம்.

"தெரியலக்கா," என்றேன்.

அவர் என்னை ஏசவில்லை. துடைப்பத்தை எடுத்தார். "ஐயவாருகிட்ட போய் இதையும் சொல்லிக்கினு இருக்காத," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெருக்க ஆரம்பித்தார்.

மகளுக்கு அந்த வீட்டில்தான் ஆண் குழந்தை பிறந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் சித்தூரை விட்டுத் திருப்பதிக்கு வந்து, முதலிலிருந்து இரண்டு வருஷத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கிறது. ஓட்டமாகத்தான் இன்னமும் நடக்கிறேன். நாடி பார்க்கும்போது மட்டும் முழு நிமிஷம். முதல் கால் நிமிஷம் எளிது. மீதி முக்கால் நிமிஷம் முழுக்க, என் விரலுக்கடியில் இருப்பது யார் கையாக இருந்தாலும், பன்னிரண்டரைக்கும் ஒன்று பத்துக்கும் நடுவில் ஒருவர் பாதி திறந்த கண்ணோடு கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் அந்தக் கட்டிலுக்குப் போய்ச் சேரவில்லை.